சுகரேவா அம்மையார்

1891-இல் கீவ் நகரில் பிறந்த குரூன்யா சுகரேவா, மருத்துவம் பயின்று, மாஸ்கோவில் குழந்தைகளின் மனநல மருத்துவரானார். பிறரோடு ஒட்டாத ஆறு சிறுவரை உற்றுக் கவனித்து, இன்று நாம் ஆட்டிசம் என்று கூறும் நிலையை 1925-இலேயே விளக்கி எழுதினார். 1927-இல் சிறுமியரைப் பற்றியும் எழுதினார். இது பிறவியிலேயே அமைந்த மூளை வேறுபாடு என்பது அவர் கருத்து. பிற்காலத்தில் அறிஞர் சிலர் அன்பற்ற தாய்மாரே காரணம் எனப் பழித்தனர். ஆராய்ச்சிகள் அதைப் பொய்யாக்கின. எனினும், புகழ் 1943-இல் எழுதிய கானருக்கும் 1944-இல் எழுதிய ஆஸ்பெர்கருக்குமே சென்றது. அம்மையார் 1981-இல் மறைந்தார். அவருடைய கட்டுரை ஆங்கிலத்தில் வந்ததோ 1996-இல்தான். நம் வகுப்பில் ஒதுங்கி நிற்கும் தோழியை நாமும் பழிக்காது, அவரைப்போல் பொறுமையுடன் அறிய முயல்வோமாக!