தீயில் இட்ட ஏடுகள்

1868ஆம் ஆண்டு மே மாதத்தில், இருபத்து மூன்று வயது நிரம்பிய இளைஞர் ஒருவர் தாம் அதுகாறும் எழுதிய கவிதைகளைத் தீயிலிட்டார். அவ்வாறு செய்யுமாறு அவருக்கு ஆணையிட்டவர் எவரும் இலர். துறவு வாழ்வுக்குத் தம்மை ஒப்புவிக்கத் துணிந்த அவருக்குக் கவிதை ஆசை இறைவனுக்கும் தமக்கும் இடையே நிற்பதாகத் தோன்றியது. அவரே ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ்.

அவர் 1844ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் இங்கிலாந்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு என்னும் ஊரில் ஒன்பது குழந்தைகளுள் மூத்தவராகப் பிறந்தார். தந்தையார் கப்பல் காப்பீட்டுத் தொழிலில் இருந்தவர், கவிதையும் எழுதியவர். ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரியில் பயின்று முதல் வகுப்பில் தேறினார். அங்கு மாணவராய் இருந்தபோதே, 1866இல், நியூமன் அடிகளாரால் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஆங்கிலிக்கன் மரபில் ஊறிய பெற்றோருக்கு அது பேரிடி. அன்பு மிக்க தாயாரின் நெஞ்சைப் புண்படுத்தினோமே என்ற துயரம் மகனையும் வருத்தியது. ஆயினும் அவர் பின்வாங்கவில்லை.

ஏடுகளை எரித்த அதே ஆண்டு இயேசு சபையின் நவதுறவகத்தில் புகுந்தார். மேலோர் விரும்பினாலன்றி எழுதுவதில்லை என்பது அவர் தமக்கே விதித்துக்கொண்ட விரதம். ஏழாண்டுகள் ஏறத்தாழ மௌனமாகவே கழிந்தன. இந்த விரதம் இறைவன் கேட்டதா, அன்றி அளவுமீறிய மனச்சான்றின் கடுமையா என்று ஐயுறுவோர் உண்டு. அந்த ஐயத்தை எளிதில் தள்ளிவிட இயலாது.

1875 டிசம்பரில் தாய்ச்லாந்து என்னும் கப்பல் தேம்ஸ் முகத்துவாரத்துக்கு அப்பால் மணல் திட்டில் மோதிச் சிதைந்தது. ஜெர்மனியின் சமயக் கெடுபிடிச் சட்டங்களால் நாடு கடந்து சென்ற பிரான்சிஸ்கன் கன்னியர் ஐவர் அதில் மாண்டனர். அப்போது வேல்ஸ் நாட்டில் செயின்ட் பியூனோ கல்லூரியில் இறையியல் பயின்றுகொண்டிருந்த ஹாப்கின்ஸ் அச்செய்தியால் உலுக்கப்பட்டார். இது பற்றி யாரேனும் ஒரு கவிதை எழுதினால் நன்று என அதிபர் சொல்ல, அச்சொல்லே அவருக்கு உத்தரவாயிற்று. முப்பத்தைந்து பாக்கள் பெருக்கெடுத்தன. அசைகளை எண்ணாமல் அழுத்தங்களை மட்டும் எண்ணும் புதிய சந்தம். எதுகை மோனையில் தோய்ந்த நமக்கு அன்னியமாகத் தோன்றாத வேல்ஸ் மொழி ஒலியிசைவுகள். ஆனால் சபையின் இதழான ‘தி மன்த்’ அதை வெளியிடவில்லை. இதழாசிரியர் அவருடைய நண்பரே.

1877இல் குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டில்தான் அவருடைய ஒளிமிக்க இயற்கைப் பாடல்கள் பல பிறந்தன. பின்னர் ஊர் ஊராக மாற்றம்: லிவர்பூலின் ஏழைத் தெருக்கள், கிளாஸ்கோ, இறுதியில் 1884இல் டப்ளினில் கிரேக்க மொழிப் பேராசிரியர் பணி. அனுப்பிய இடமெல்லாம் சென்றார். 1879இல் கவிஞரும் ஆங்கிலிக்கன் குருவுமான டிக்சன், இவருடைய கவிதைப் பகுதி ஒன்றை நாளிதழில் வெளியிட முனைந்தபோது பதறித் தடுத்துவிட்டார். புகழாசை இல்லாமை அன்று காரணம். அந்த ஆசை தமக்குள் இருப்பதை அறிந்திருந்ததே காரணம்.

டப்ளின் வாழ்க்கை கொடியது. குவியல் குவியலாகத் தேர்வுத்தாள்கள், கண்வலி, சோர்வு, தனிமை. 1885 அளவில் எழுதிய சானெட்டுகளில் இறைவனோடு வழக்காடும் குரல் கேட்கிறது. கீழ்ப்படிந்தவருக்கு ஆறுதல் உடனே கிட்டிவிடவில்லை. கேள்விகளைக் கேட்டபடியே வகுப்புக்குச் சென்றார், திருப்பலி நிறைவேற்றினார். 1889 ஜூன் 8ஆம் நாள் டைபாய்டு காய்ச்சலால் நாற்பத்து நான்காம் வயதில் மறைந்தார். கிளாஸ்நெவின் இடுகாட்டில், சபையினருக்கான பொதுக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

கவிதைகள் ஆக்ஸ்ஃபோர்டுத் தோழர் ராபர்ட் பிரிட்ஜஸிடம் கிடந்தன. சமயத்தில் நண்பரோடு உடன்படாத அவரே, இங்கிலாந்தின் அரசவைக் கவிஞராக இருந்த காலத்தில், 1918இல் அவற்றை நூலாக்கினார். அச்சிட்ட படிகள் 750; அவை விற்றுத் தீரப் பத்தாண்டு ஆயிற்று. மகனின் மதமாற்றத்தால் கலங்கிய தாயார் கேத்தரின் அப்போது உயிரோடிருந்தார். 98ஆவது வயது நடந்துகொண்டிருந்த அவருக்கே பிரிட்ஜஸ் அந்நூலை இலத்தீன் மொழியில் காணிக்கையாக்கினார்.