மக்டெபர்க் நகரத் தலைவர் ஓட்டோ வான் கெரிக்கே

இரண்டு செம்புக் கிண்ணங்களை வாயோடு வாய் பொருத்தி உள்ளிருக்கும் காற்றை நீக்கிவிட்டால், வெளிக்காற்றின் அழுத்தத்தால் அவை பிரிக்கவொண்ணாதபடி ஒட்டிக்கொள்ளும் என்பதைப் பௌதிகம் பயிலும் நம் சிறுவர் அறிவர். அவற்றிற்கு மக்டெபர்க் அரைக்கோளங்கள் என்று பெயர். அச்சோதனையைச் செய்து காட்டிய ஓட்டோ வான் கெரிக்கே என்பார் கல்லூரி ஆசிரியரல்லர், அரசவைப் புலவருமல்லர். ஆற்றங்கரையிலமைந்த ஒரு நகரின் தலைவராய் முப்பதாண்டு உழைத்தவர். உலகம் அவரைச் சோதனையின் பொருட்டுப் போற்றுகின்றது. அவரோ தம் வாழ்நாளின் பெரும்பகுதியை நகரின் பொருட்டே செலவிட்டார். அந்த வரலாற்றையே நம் சங்கத்தார்க்கு ஈண்டு எடுத்துரைக்கின்றேன்.

மக்டெபர்க் ஜெர்மனி தேசத்தில் எல்பே ஆற்றின் கரையிலுள்ளது. தானியமேற்றிய படகுகள் அதன் துறையில் வந்து தங்கும். வாணிகத்தால் நகர் செழித்தது. அதனினும் பெருஞ்சிறப்பு ஒன்று அதற்கு உண்டு. 1188-ஆம் ஆண்டில் விக்மன் என்னும் தலைமைக் குருவானவர் அந்நகரத்தார்க்கு உரிமைப் பட்டயம் வழங்கினார். அங்கே வளர்ந்த நகராட்சி முறை மக்டெபர்க் சட்டம் எனப் பெயர்பெற்று, போலந்து, லித்துவேனியா, உக்ரைன் முதலிய நாடுகளின் நகரங்கள் பலவற்றிலும் பரவியது. தம்மூர்க் காரியத்தைத் தாமே நடத்திக்கொள்ளும் வழியைப் பிறர்க்குக் கற்பித்த ஊர் அது.

அத்தகைய நகரில் 1602-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், செல்வமும் செல்வாக்கும் வாய்ந்த குடும்பமொன்றில் கெரிக்கே பிறந்தார். லைப்சிக், ஹெல்ம்ஸ்டெட், யேனா ஆகிய இடங்களிற் கல்வி பயின்றார். பின்னர் ஹாலந்து தேசத்து லைடன் நகரில் கணிதமும் கோட்டை கட்டும் கலையும் கற்றார். 1626-இல் திருமணமும் நகரசபை உறுப்பினர் பதவியும் ஒருங்கே எய்தின.

அக்காலத்தில் ஜெர்மனியை முப்பதாண்டுப் போர் அலைத்துக்கொண்டிருந்தது. மக்டெபர்க் மக்கள் சுவீடன் அரசரின் துணையை நம்பிச் சக்கரவர்த்தியின் படையை எதிர்த்தனர். டில்லி என்னும் தளபதி நகரை முற்றுகையிட்டான். பணிவதா, பொருவதா என்று நகரசபை கூடி ஆராய்ந்துகொண்டிருந்த போதே, 1631 மே 20 அன்று பகைவர் மதிலேறிப் புகுந்தனர். கொள்ளையும் கொலையும் தீயும் ஒருங்கே எழுந்தன. ஏறக்குறைய 20,000 பேர் மாண்டனர். பெருங்கோயிலிற் புகலடைந்தோரும் வேறு சிலருமே பிழைத்தனர். கெரிக்கே தம் உடைமை முழுதும் இழந்து குடும்பத்தோடு சிறைப்பட்டு, மீட்புப் பணம் கொடுத்து விடுதலை பெற்றார். மறு ஆண்டு எடுத்த கணக்கில் அந்நகரில் எஞ்சியிருந்தோர் 449 பேரே!

வேற்றூரிற் குடியேறி நலமாக வாழ அவருக்கு வழியில்லாமலில்லை. சுவீடன் படையார்க்குப் பொறியியல் வல்லுநராகப் பணி செய்துமிருந்தார். எனினும் 1632-இல் சாம்பல்மேட்டிற்கே திரும்பினார். தெருக்களை அளந்து நகரின் வரைபடமொன்றை எழுதினார். பொருளின்மையால் அத்திட்டம் முற்றும் நிறைவேறவில்லை. ஆயினும் எல்பே ஆற்றுப் பாலமும் மதிலும் மீண்டும் எழுவதற்கு அவர் உழைப்பு துணைநின்றது. 1646-இல் அவர் நகரத் தலைவர்களுள் ஒருவரானார்.

அதன்பின் அவர் மேற்கொண்ட கடும்பணி தூது. போரில் இழந்த சுதந்தரத்தை மீட்டு, அயல் மன்னர் எவர்க்கும் அடங்காத நகராகத் தம்மூரை நிலைநிறுத்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து. 1648-ஆம் ஆண்டு வெஸ்ட்பேலியா உடன்படிக்கைப் பேச்சிற் கலந்துகொண்டார். பின்னர் நியூரம்பர்க், வியன்னா, பிராக், ரீகன்ஸ்பர்க் என்று சபைதோறும் அரண்மனைதோறும் சென்று ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தார்.

இவ்வலைச்சலின் இடையே தான் அவருடைய ஆராய்ச்சியும் நிகழ்ந்தது. பொருளில்லா வெற்றிடம் இயற்கையில் இருத்தல் கூடாது என்பது பழைய நூலார் கொள்கை. அதனைச் சோதிக்க விரும்பிய கெரிக்கே, தீயணைக்கும் பீச்சாங்குழலைப் போன்றதொரு பித்தளைக் குழாயைக்கொண்டு, முதலில் மரப்பீப்பாயினின்று நீரையும், பின்னர்ச் செம்புக் கோளத்தினின்று காற்றையும் வெளியேற்றினார். 1654-இல் ரீகன்ஸ்பர்க் பெருஞ்சபைக்குத் தூது சென்றபோது சக்கரவர்த்தி பெர்டினாந்தின் முன்னிலையிற் சோதனைகளைக் காட்டினார். 1657-இல் தம் நகரில், பக்கத்திற்கு எட்டாகப் பதினாறு குதிரைகளைப் பூட்டி அரைக்கோளங்களை இழுப்பித்தார். அச்செய்தி நூல்வழிப் பரவி, இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் தாமும் ஒரு காற்றிறைக்கும் கருவி செய்யத் தூண்டுகோலாயிற்று. 1660-ஆம் ஆண்டு டிசம்பரில், தம் வீட்டில் அமைத்த நீர்க் காற்றழுத்தமானியின் நீர்மட்டம் தாழ்ந்ததைக் கண்டு, புயல் வருமென முன்னரே அறிந்துரைத்தார். இவ்வாராய்ச்சிகளைத் தொகுத்து அவர் எழுதிய நூல் 1672-இல் வெளிவந்தது.

புகழ் பெருகியது, நகரின் காரியமோ கைகூடவில்லை. 1666-இல் பிராண்டன்பர்க் அரசர் படையுடன் நெருக்க, மக்டெபர்க் அவர்க்குப் பணிந்து அவருடைய படையைத் தன் மதிலுக்குள் ஏற்கவேண்டியதாயிற்று. அவ்வாண்டிலேயே சக்கரவர்த்தி கெரிக்கேயைப் பிரபுக்கள் வரிசையிற் சேர்த்தார். தமக்குப் பட்டமும் தம் நகர்க்குப் பணிவும் ஒரே ஆண்டில் வந்த நிலையை அப்பெரியார் உள்ளம் எங்ஙனம் தாங்கிற்றோ! ஆயினும் அவர் பதவியைத் துறந்து ஓடினாரல்லர். முதுமை நெருக்கும் வரையில் மேலும் பத்தாண்டு நகர்ப்பணி செய்தார். 1681-இல் கொள்ளைநோய் அச்சத்தால் ஹாம்பர்க் நகரிலிருந்த மகனிடஞ் சென்று, 1686 மே மாதத்தில் ஆண்டு முடித்தார்.

சங்க அன்பர்களே! கருதியது கைகூடாமையால் அவர் உழைப்பு வீணாயிற்று என்று கூறுவார் உளரோ? அவர் நாடிய சுதந்தரம் கிட்டவில்லை; ஆயின் 449 பேராய்க் குன்றிய ஊர் மீண்டும் ஊராயிற்று. 1945 ஜனவரியில் விமானக் குண்டுகளால் அது மறுபடியும் அழிந்தது, மறுபடியும் எழுந்தது. இன்று அது ஒரு மாநிலத்தின் தலைநகர். அதன் பல்கலைக்கழகம் கெரிக்கேயின் பெயரையே தாங்கி நிற்கின்றது. நம்மவருள் நகரசபையிலும் ஊராட்சியிலும் சங்கத்திலும் பதவி ஏற்போர் பலர். எடுத்த காரியம் முதலாண்டில் முடியாவிடின் மனஞ்சலித்து விலகுவோரும் உளர். தெருவை அளத்தலும், பாலம் அமைத்தலும், அரசர் வாயிலிற் காத்து நிற்றலும் பெயர் விளங்காத வேலைகளே. ஆயினும் ஊர் என்பது அவ்வேலைகளால் நிற்பது. பதவியை மாலையாகக் கொள்ளாது சுமையாகத் தாங்கிய இப்பெரியாரின் வாழ்க்கையை நம் இளைஞர் உள்ளத்திற் பதிப்பாராக.