மனக்கணக்கு

ஆயக்குடிக் கொய்யாச் சந்தையில் விலை பேசும் இருவரை எண்ணிப் பார்ப்போம். விற்பவர் எதுவரை இறங்குவார் என வாங்குபவர் கணிக்கிறார்; அக்கணிப்பையும் கணித்தே விற்பவர் தம் விலையைச் சொல்கிறார். ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் இத்தகைய நிலைகளைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் ஜான் வான் நியூமன்.

ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் 1903 டிசம்பர் 28ஆம் நாள், யூத வங்கியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஆறு வயதிலேயே எட்டிலக்க எண்களை மனத்துக்குள் வகுத்தார் என்பர். தந்தையின் விருப்பத்திற்காக வேதிப்பொறியியலும் தம் விருப்பத்திற்காகக் கணிதமும் ஒரே காலத்தில் பயின்றார்.

ஒருவரின் ஆதாயம் மற்றவரின் இழப்பாகவே அமையும் இருவர் ஆட்டத்தை அவர் ஆராய்ந்தார். எதிராளி எவ்வளவு திறமையாக ஆடினாலும், நேரக்கூடிய பேரிழப்பை இயன்றவரை குறைக்கும் உத்தி இருவருக்கும் உண்டு. இருவர் கணக்கும் ஒரே மதிப்பில் வந்து சந்திக்கும் என 1928இல் மெய்ப்பித்தார். அவ்வுத்தி சில ஆட்டங்களில் நகர்வைக் குலுக்கிப் போட்டுத் தேர்வதாகவும் அமையும். அப்போது அவருக்கு 25 வயது நிறையவில்லை. பின்னர் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில் குடியேறி, பொருளியல் அறிஞர் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் இணைந்து 1944இல் வெளியிட்ட பெருநூல், ஆட்டக் கோட்பாட்டைத் தனித்துறையாக்கியது.

அதே போர்க்காலத்தில் அணுகுண்டு ஆய்விலும் அவர் ஈடுபட்டார். வெடிப்பை உள்நோக்கிக் குவிக்கும் முறையில் அவர் பங்கு பெரிது. நாகசாகியில் விழுந்தது அவ்வகைக் குண்டே. அவரைப் போற்றுவோர் இதனைக் கடந்து செல்லலாகாது.

அவ்வாய்வின் கணக்குகளோ முடிவின்றி நீண்டன. 1944 கோடையில் ஒரு தொடர்வண்டி நிலையத்தில் சந்தித்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைன், உருவாகிவந்த எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறியைப் பற்றி அவரிடம் கூறினார். 17,000க்கும் மேற்பட்ட வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அப்பொறியில், ஒவ்வொரு புதுக் கணக்குக்கும் கம்பி இணைப்புகளை மாற்றியமைக்க வேண்டும். எண்களோடு கட்டளைகளையும் நினைவகத்திலேயே சேமித்தால் அத்தொல்லை நீங்கும். இந்நெறியை விளக்கும் 1945ஆம் ஆண்டு அறிக்கை நியூமன் பெயரில் மட்டுமே வெளிவந்தது. எனியாக்கை வடிவமைத்த எக்கர்ட், மாக்லி ஆகியோரின் பங்கு அதில் மறைந்துபோனது. அவர்களின் மனக்குறை நியாயமானதே. அந்நெறியிலேயே மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நரசிம்மன் தலைமையிலான குழு டிஃப்ராக் கணிப்பொறியை உருவாக்கியது.

1947இல் ஜார்ஜ் டான்ட்சிக், வளங்களைப் பங்கிடும் நேரிய திட்டமிடல் கணக்கை நியூமன்முன் வைத்தார். அது தம் ஆட்டக் கோட்பாட்டின் மறுவடிவம் என்பதை அவர் விரைவில் கண்டுகொண்டார். ஆட்டத்தின் தீர்வைக் கணிப்பொறி தேடித்தரும் வழி அங்கே திறந்தது. இன்று இணைய ஏலங்களுக்கு விதிகளை வகுக்கும் ஆய்வாளர்கள் அவ்வழியைத்தான் நீட்டித்துச் செல்கின்றனர்.

1955இல் அவருக்குப் புற்றுநோய் கண்டது. கணிப்பொறியையும் மனித மூளையையும் ஒப்பிட்டு அவர் எழுதிவந்த சொற்பொழிவு பாதியில் நின்றது. 1958இல் அவ்வாறே நூலாயிற்று. அதற்குமுன், 1957 பிப்ரவரி 8ஆம் நாள் அவர் மறைந்தார். மருத்துவமனையில் இருந்தபோது, எளிய கூட்டல் கணக்குகளைத் தம்மிடம் கேட்குமாறு மகள் மரீனாவை ஒருநாள் வேண்டினார். மகள் சிலவற்றைக் கேட்டார். பிறகு தாளாமல் அறையைவிட்டு வெளியேறினார்.