மைசூர் அளித்த உதவித்தொகை

பெங்களூரு மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில், சென்ட்ரல் கல்லூரிக்கு அருகே உள்ள நிலையம் சர் எம். விசுவேசுவரய்யாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அணை கட்டிய பொறியாளர் என்றே நாடு அவரை நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் கல்லூரியில் பயின்ற நாள்களில் அவர் தம் செலவுக்குத் தாமே பொருள் தேட வேண்டிய ஏழை மாணவராக இருந்தார்.

சிக்கபள்ளாப்பூருக்கு அருகிலுள்ள முத்தேனஹள்ளி அவர் பிறந்த ஊர். பொறியாளர் நாளாகக் கொண்டாடப்படும் செப்டம்பர் 15 அவர் பிறந்த நாளாகும். தந்தை சீனிவாச சாஸ்திரி வடமொழிப் புலவர். ஆனால் செல்வர் அல்லர். மகன் பள்ளிப் பருவத்தைக் கடக்கும் முன்பே அவர் மறைந்தார். தாய் வெங்கடலட்சுமம்மாவின் கையில் எஞ்சியது சிறிதே. சிறுவன் மேற்படிப்புக்காகப் பெங்களூருவில் இருந்த தாய்மாமனை அடைந்தான்.

மாமன் வீட்டில் உணவு கிடைத்தது. மற்றச் செலவுகளுக்கு என்ன செய்வது? குடகைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்த வருவாயில் படித்தார். பகலில் மாணவர், மற்ற நேரத்தில் ஆசிரியர் என்ற அந்த இரட்டை வாழ்வுக்கு நடுவே 1881-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்தில் சென்ட்ரல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தது.

அவருடைய விருப்பம் பொறியியல். மைசூர் அரசில் அதற்கெனக் கல்லூரி அப்போது இல்லை. வெளி மாகாணத்திற்குத்தான் செல்ல வேண்டும். பாடம் சொல்லி ஈட்டிய பணம் பெங்களூரு வாழ்வுக்கே போதாதபோது, புனே எங்கே, அவர் எங்கே! அந்த ஆண்டில்தான் மைசூரின் ஆட்சி மீண்டும் மன்னரிடம் வந்திருந்தது. ரங்காச்சார்லு திவானாக இருந்தார். அவருடைய அரசு வழங்கிய உதவித்தொகையால் அந்த இளைஞர் புனே அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். தகுதியும் வறுமையும் ஒரே மாணவனிடம் கூடியிருக்கும்போது, அரசின் சிறு தொகை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

1883-இல் தேர்வில் முதலிடம் பெற்றார். ஆனால் அவரைப் பணியில் அமர்த்தியது பம்பாய் அரசு. மைசூர் படிக்க வைத்த பொறியாளர் ஏறத்தாழ கால் நூற்றாண்டு வேறொரு மாகாணத்திற்கு உழைத்தார். கொடுத்த பணம் வீண் என்று அந்நாளில் யாரேனும் கணக்குப் பார்த்திருந்தால், அதைத் தவறு என்று சொல்லவும் முடியாது.

1909-இல் அவர் மைசூரின் தலைமைப் பொறியாளராகத் திரும்பினார். காவிரியின் குறுக்கே கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜ சாகர் அணை எழத் தொடங்கியது. 1912-இல் திவானானார். 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகமும் 1917-இல் பெங்களூருவில் பொறியியல் கல்லூரியும் தோன்றின. தாம் புனேவுக்குச் செல்ல நேர்ந்தது போல், இனி ஒரு மைசூர் மாணவன் பொறியியலுக்காக ஊரை விட்டுச் செல்ல வேண்டிய கட்டாயம் நீங்கியது. பின்தங்கிய வகுப்பு மாணவர்களுக்கு உதவித்தொகைகளும் அவர் காலத்தில் பெருகின.

அரசுப் பணிகளில் அவ்வகுப்பினருக்கு இடம் ஒதுக்கும் கேள்வி எழுந்தபோது மட்டும் அவர் உடன்படவில்லை. கல்விக்கு உதவினால் போதும், பணி தகுதியால் அமையட்டும் என்பது அவர் கொள்கை. படித்தும் பதவியின் வாயில் அடைபட்டிருக்கக் கண்டவர்களின் குறையோ பொய்யன்று. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மாற்றத்தை விரும்பினார். 1918-இல் விசுவேசுவரய்யா திவான் பதவியிலிருந்து விலகினார்.

பின்னர்ப் பத்ராவதி இரும்பாலையின் பொறுப்பேற்று அதை நிலைநிறுத்தினார். அப்பணிக்காகத் தமக்கு உரிய ஊதியத்தைத் தமக்கென எடுத்துக்கொள்ளாமல், இளைஞர்கள் தொழில் கற்கும் நிலையம் ஒன்றுக்கு வழங்கினார். அந்த ஜெயசாமராஜேந்திர தொழிற்கல்வி நிலையம் 1943-இல் பெங்களூருவில் தொடங்கியது.

1955-இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், நூறு வயதைக் கடந்து, 1962 ஏப்ரல் 14 அன்று மறைந்தார். 1917-இல் தோன்றிய பொறியியல் கல்லூரி இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அவர் பாடம் சொல்லிப் பிழைத்தபடியே படித்த சென்ட்ரல் கல்லூரி அதற்கு அருகிலேயே இருக்கிறது.