தேவனும் துப்பறியும் சாம்புவும்

திருவிடைமருதூரில் 1913-ஆம் ஆண்டு பிறந்த மகாதேவன் என்பாரே ‘தேவன்’ என்று தமிழுலகம் போற்றும் ஆசிரியர். கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் பட்டம் பெற்று, இருபத்தோராம் வயதில் ஆனந்த விகடனிற் சேர்ந்தார். 1942 முதல் இறக்குமளவும் அதன் நிர்வாக ஆசிரியராய் விளங்கினார்.

நகை களவு போதல் துப்பறியுங் கதைகளின் பழைய மரபு. வில்கி காலின்ஸ் 1868-இல் வெளியிட்ட ஆங்கில நாவலில் களவு போவது நம் நாட்டு வைரமே. அத்தகைய கதைகளிற் கள்வனைக் காட்டுவது கூர்த்த மதி. தேவனோ வங்கிக் குமாஸ்தாவாயிருந்த மந்தமதியினர் ஒருவரைத் துப்பறிவாளராக்கினார். சாம்பு தடுமாறுமிடத்தே துப்புக் கிட்டும். புகழும் உடன் வரும்! அறிவை நம்பிய நம் செருக்கை இதனினும் இனிதாய் எள்ளியவர் அரியர்.

1957-இல், நாற்பத்து மூன்றாம் வயதில், தேவன் மறைந்தார். அவர் கதைகள் பல அதன் பின்னரே நூலுருப் பெற்றன. சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததோ 1975-இல்.

பின்னர்த் தூர்தர்ஷன் தொடரிற் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவானார். எளிய பணியன்று அது. சாம்புவின் உள்ளத்தில் ஏதுமில்லை என்பதை நமக்கு மட்டும் மெல்லச் சொல்லிச் செல்வது தேவனின் நடை. காமிராவுக்கு அது அகப்படாது. நடிகரின் விழிப்பும் திகைப்புமே அக்குறையை நிரப்பவேண்டும். ஆழ்வார்பேட்டை நாரத கான சபை போன்ற அரங்குகளில் நகைச்சுவை நாடகம் கண்டு பழகிய நம்மனோர் அத்திகைப்பின் அருமையை அறிவர். எனினும், அச்சிற் கண்ட சுவை முழுதும் திரையிற் கிட்டிற்று எனக் கூற நாம் துணியோம்.