கடையைத் துறந்த கச்சாலியா சேட்



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளை அடுத்துள்ள பள்ளிவாசல்களில் ஜும்ஆத் தொழுகைக்கு நிற்கும் ஸஃப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பீகாரியும் வங்காளியும் அஸ்ஸாமியரும் நம் ஊர்க்காரரோடு தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றனர். ஸலாம் கொடுத்து வெளியே வந்ததும் அவர்களை அந்நியர் என்கிறோம். குடியிருக்க வீடு கேட்டால் தயங்குகிறோம். நம்மவர்களும் ஒரு காலத்தில் கடல் கடந்த மண்ணில் இப்படியே அந்நியராக நிறுத்தப்பட்டனர் என்பதை மறந்துவிட்டோம். அன்று அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் மர்ஹூம் அஹ்மது முஹம்மது கச்சாலியா சேட் அவர்கள்.

குஜராத்தைச் சேர்ந்த இப்பெரியார் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் தெருத் தெருவாகச் சரக்கு விற்றுத் தொழில் தொடங்கித் துணி வணிகராக உயர்ந்தவர். ஆங்கிலக் கல்வி குறைவு. உலக அனுபவம் நிறைவு. அந்நாட்டிலோ, 1885ஆம் ஆண்டிலேயே ஆசியருக்குக் குடியுரிமை இல்லையெனச் சட்டம் செய்திருந்தார்கள். துருக்கிய நாட்டுக் குடிகளிலும் முஸ்லிம்களை மட்டும் குறிப்பிட்டு அதில் சேர்த்திருந்தார்கள். இனத்தோடு மார்க்கமும் குற்றமாயிற்று! 1907இல் மற்றொரு சட்டம் வந்தது. ஆசிய ஆண்கள் குற்றவாளிகளைப் போல் விரல் ரேகை பதித்துச் சீட்டுப் பெற வேண்டும்; காவலர் கேட்ட இடத்தில் காட்ட வேண்டும்; மறுத்தால் சிறை, அல்லது நாடு கடத்தல்.

அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் பிரிட்டோரியா பள்ளிவாசல் திடலில் இந்தியர்கள் கூடினர். ஹாஸ்கன் என்னும் வெள்ளையர், இந்தியர்பால் நல்லெண்ணம் கொண்டவர்தான், அரசின் வலிமையை எடுத்துச் சொல்லிப் பணிந்து போகுமாறு அறிவுரை கூறினார். அதுவரை முன்னணிக்கு வராதிருந்த கச்சாலியா சேட் எழுந்தார். தூக்கிலிட்டாலும் இச்சட்டத்திற்குப் பணிவதில்லை என்று அல்லாஹ்வின் மீது ஆணையிட்டார். ஆணையிடுவது மார்க்கத்தில் இலேசான காரியமன்று. முறித்தால் பரிகாரம் செய்வது கடமை என்பதை நீங்கள் அறிவீர்கள். எத்தனையோ பேர் அந்நாட்களில் உறுதி கூறிவிட்டுப் பின்னர் நழுவினர். இவரோ சொன்ன சொல்லில் வாழ்ந்தார்.

தாமாகப் பதிவு செய்துகொண்டால் சட்டம் நீக்கப்படும் என்ற நம்பிக்கையில் இந்தியர்கள் 1908இல் இணங்கினர். சட்டம் நீங்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் ஜோஹன்னஸ்பர்க் ஹமீதியா பள்ளிவாசல் திடலில், பெரியதோர் இரும்புக் கொப்பரையில் ஈராயிரத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் எரிந்து சாம்பலாயின. அதே ஆண்டில் பிரிட்டிஷ் இந்தியர் சங்கத்தின் தலைமை கச்சாலியா சேட் அவர்களைத் தேடி வந்தது.

தலைமையோடு சோதனையும் வந்தது. அவருக்குக் கடனாகச் சரக்குக் கொடுத்திருந்த ஐரோப்பிய வணிகர்கள் ஒன்று கூடினர். போராட்டத்திலிருந்து விலகினால் தொந்தரவில்லை, இல்லையேல் முழுத் தொகையும் உடனே வேண்டும் என்றனர். வணிகர்களே, உங்கள் கடையை எண்ணிப் பாருங்கள்! கடனில் சரக்கெடுத்து, விற்ற பின் கொடுப்பதுதான் வாணிபம். ஒரே நாளில் எவரால் கொடுக்க இயலும்? அவர் மறுத்துவிட்டார். 1909இன் தொடக்கத்தில் தம் கடையையும் சரக்கையும் கடன்காரர்களிடமே ஒப்படைத்து நொடித்தவர் என்ற பெயரை ஏற்றார். கணக்கு நேர்மையாக இருந்தமையால் கடன் முழுவதும் அடைந்தது. எவருடைய ஹக்கும் அவர் மீது நிற்கவில்லை. சிறை சென்றதைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

சிறையும் பலமுறை கண்டார். 1909இல் இலண்டனுக்குத் தூது செல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வரில் இவரும் ஒருவர், தமிழரான வி. ஏ. செட்டியார் மற்றொருவர். இருவரையும் அரசு கைது செய்தது. காந்தியடிகளும் ஹாஜி ஹபீபுமே கப்பலேறினர். அப்போராட்டத்தில் தமிழர்கள் பட்ட துன்பம் சிறிதன்று. நாகப்பன் 1909இலும், வள்ளியம்மை 1914இலும் சிறைக்கொடுமையின் பின் உயிர் நீத்தனர்.

1913 மார்ச் 14ஆம் நாள் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பு வீட்டுக்குள்ளேயே தீ வைத்தது. கிறிஸ்தவ முறைப்படி நடவாத, பதிவாகாத திருமணம் செல்லாது என்றார். முறைப்படி நிக்காஹ் முடித்த மனைவியர் சட்டத்தின் கண்ணில் மனைவியரல்லர் என்றாயிற்று. பெண்களும் களம் இறங்கினர். 1914ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மனைவியோடு நின்ற திருமணத்தை ஏற்று, ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர் மீதிருந்த மூன்று பவுன் வரியையும் நீக்கியது. ஷரீஅத்தின் முழு உரிமை கிட்டவில்லையென முஸ்லிம்களிற் பலர் மனம் கசந்தனர். அக்கசப்பில் நியாயம் இருந்தது.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் போராட்டம் இந்தியருக்காக மட்டுமே நடந்தது. அம்மண்ணின் மைந்தர்களான கறுப்பின மக்களும் அனுமதிச் சீட்டுச் சுமந்தே வாழ்ந்தனர். அவர்களை எவரும் கூடச் சேர்க்கவில்லை. ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களைத் தலைவர் என்று போற்றும் சமுதாயத்திற்கு இது அழகன்று.

கச்சாலியா சேட் 1918இல் வஃபாத்தானார்கள். அன்னாரின் மைந்தர் மௌலவி இஸ்மாயீல் கச்சாலியா, தேவ்பந்தில் ஓதிய ஆலிம். 1952இல் நிறவெறிச் சட்டங்களை மீறும் இயக்கம் தொடங்கியபோது தொண்டர் படைத் தலைவராக நெல்சன் மண்டேலா இருந்தார். அவருக்கு அடுத்த துணைத் தலைவராக நின்றவர் இந்த மௌலவியே. இம்முறை கறுப்பரும் இந்தியரும் ஒரே அணியாகச் சிறை புகுந்தனர்.