வீடில்லாப் பிள்ளைகளுக்கு அம்மா: டோனாவூர் ஏமி கார்மைக்கேல்



இந்த இதழில் ஒரு ஊழியக்காரியின் சரித்திரத்தை எழுதும்படி பாரப்பட்டேன். ஆனால் என்னைப் பற்றின ஒரு காரியத்தை முதலில் அறிக்கை செய்யாமல் எழுத என் மனசாட்சி இடங்கொடுக்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னே, ஜூன் மாசக் கடைசி. சீசன் முடிந்து கொடைக்கானலில் மழையும் மேகமும் இறங்கின நேரம். ஜெபக்கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தேன். பூட்டின கடைத் திண்ணையிலே பதினைந்து பதினாறு வயசுப் பையன் ஒருவன், டூரிஸ்ட் யாரோ விட்டுட்டுப் போன பழைய கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழேயிருந்து சீசனுக்கு ஓட்டல் வேலைக்கு வந்தவன். சீசன் முடிஞ்சதும் வேலை போச்சு. திரும்பிப் போக வீடும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வா தம்பி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தான். அதே கம்பளியோடு வந்தான். நனைந்து காய்ந்த நாற்றம். பாயிலே பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த நேரம் சபையாரின் முகம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவனிடம் போய், செருப்பு விடுகிற இடத்துப் பக்கம் உட்காரச் சொன்னேன். பிரசங்கம் ஆரம்பிக்கு முன்னேயே எழுந்து போயிட்டான். மறுநாள் தேடிப் போனேன், திண்ணை காலி. இதுவரைக்கும் அவனைப் பார்க்கவில்லை.

அந்த வாரம்தான் ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் சரித்திரத்தை மறுபடியும் எடுத்தேன். பைபிள் காலேஜில் பரீட்சைக்காகப் படித்தது. இந்தத் தடவை அது என்னைப் படித்தது.

சால்வை போட்ட பெண்கள்

அம்மையார் 1867 டிசம்பர் 16ல் வட அயர்லாந்தில் மில்லைல் என்கிற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தார்கள். ஏழு பிள்ளைகளில் மூத்தவர்கள். குடும்பம் பிறகு பெல்ஃபாஸ்ட் பட்டணத்துக்கு வந்தது. 1885ல் தகப்பனார் இறந்துபோனார்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிறு காலை, ஆலயம் முடிந்து தம்பிமாரோடு வரும்போது, கந்தை கட்டின ஒரு கிழவி பாரமான மூட்டையைச் சுமந்து தடுமாறுவதைக் கண்டார்கள். மூட்டையை வாங்கி, கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனார்கள். ஆனால் எதிரே வந்தவர்கள் எல்லாம் ஆலயத்துக்குப் போய்வந்த கனவான்கள். ஏமிக்கு வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டது. அப்பொழுது 1 கொரிந்தியர் 3ஆம் அதிகாரத்தில் பொன், வெள்ளி, மரம், புல், வைக்கோல் பற்றிச் சொல்லியிருக்கிற வார்த்தை உள்ளத்தில் தொனித்தது. அக்கினியில் எது நிற்கும் என்கிற கேள்வி அன்றைக்கு அவர்களைப் பிடித்தது, கடைசி மட்டும் விடவில்லை.

பெல்ஃபாஸ்ட் மில்களில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குத் தொப்பி வாங்கக் காசு கிடையாது. சால்வையால் தலையை மூடிக்கொள்வார்கள். அதனால் சால்வைக்காரிகள் என்று இளக்காரமாக ஒரு பேர். ஏமி இவர்களைக் கூட்டிக்கொண்டு சபைக் கூடத்தில் வேதபாடம் நடத்தினார்கள். சபையிலே முணுமுணுப்பு கிளம்பியது. இந்தச் சால்வைகள் நம்ம கூடத்துக்குள்ளா என்று சிலர் கேட்டார்கள். ஏமி அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை, பெண்களையும் விடவில்லை. கூட்டம் பெருகி, 1889ல் ஏறக்குறைய 500 பேர் உட்காரக்கூடிய ஒரு தகரக் கூடம் அவர்களுக்கென்றே எழும்பிற்று. அப்போது ஏமிக்கு வயது 21.

பிரியமானவர்களே, அங்கே சால்வை, இங்கே கம்பளி. வாசித்தபோது எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பண்ணைவிளையில் வந்த சிறுமி

1893ல் ஜப்பானுக்குப் போய், சரீர பெலவீனத்தினால் அங்கே நீடிக்க முடியாமல், 1895 நவம்பரில் இந்தியா வந்தார்கள். முதலில் பெங்களூர். அடுத்த வருஷம் வாக்கர் ஐயர் குடும்பத்தோடு திருநெல்வேலிச் சீமைக்கு வந்து தமிழ் படித்தார்கள். நம்ம ஊர்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் சொல்லிவந்தார்கள். பொன்னம்மாள் என்கிற இளம் விதவை அந்தக் கூட்டத்தில் தூண் போல இருந்தவர்கள்.

அந்தக் காலத்தில் சில சிறுமிகளைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவார்கள். வறுமையினாலும் வழக்கத்தினாலும் கொடுக்கப்பட்ட அந்தப் பிள்ளைகள் பலருடைய வாழ்க்கை பெரியவர்களின் இச்சைக்கு இரையானது. பெருங்குளத்தில் அப்படி ஒரு வீட்டில் இருந்த பிரீனா என்கிற ஏழு வயசுச் சிறுமி, முன்னே ஒருதரம் தப்பித் தூத்துக்குடியிலிருந்த தாயிடம் ஓடினாள். தாய் பயந்து திருப்பி அனுப்பிவிட்டாள். தண்டனையாக அவள் கையில் சூடு போட்டார்கள். 1901 மார்ச் மாதம் மறுபடியும் தப்பி, தனியாகப் பண்ணைவிளைக்கு வந்தாள். ஆலயத்துப் பக்கம் நின்றவளை ஒரு கிறிஸ்தவ ஸ்திரீ கண்டு, மறுநாள் காலையில் அம்மையாரிடம் கொண்டுவந்தாள். பிள்ளை நேரே மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பாருங்கள், அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அப்பொழுது வயது 33, விவாகமாகாதவர்கள். அன்றிலிருந்து அம்மா ஆனார்கள்.

பால் கரைப்பதும் ஊழியமா?

அந்த வருஷமே டோனாவூருக்கு வந்து குடியேறினார்கள். 1904க்குள் 17 பிள்ளைகள். கைக்குழந்தைகளும் வரத் தொடங்கின. அந்த முதல் குழந்தைகளில் சிலர் மரித்துப்போனார்கள். பால் காய்ச்ச, துணி துவைக்க, ராத்திரி விழித்திருக்க ஆள் கிடைக்காது. படித்த பெண்கள் அது ஆயா வேலை என்று எண்ணின காலம். அம்மையாருக்கும் உள்ளத்தில் ஒரு போராட்டம். ஆத்தும ஆதாயத்துக்கு வந்தவள், ஊர் ஊராகப் போவதை நிறுத்திவிட்டுப் பிள்ளை வளர்ப்பதா? ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினது அவர்களுக்குப் பதிலாய் இருந்தது. பொன்னம்மாளும் கைநீட்டினார்கள். மற்றவர்களும் அதைப் பார்த்துப் பழகினார்கள். பொன்னம்மாள் 1915ல் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

பிள்ளைகளை அவர்கள் வளர்த்த விதத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரே பெரிய கூடாரமாகப் போட்டு அடைக்கவில்லை. குடும்பம் போலச் சிறு வீடுகள். வளர்க்கிற தமிழ்ப் பெண்கள் அக்காமார், வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்திமார், ஆண் ஊழியர் அண்ணாச்சிமார். ஜாதி கேட்கிறதில்லை, வெள்ளைத் தோல் கறுப்புத் தோல் வித்தியாசம் இல்லை, எல்லாரும் ஒரே குடும்பம். ஊழியருக்குச் சம்பளம் இல்லை. மனுஷரிடம் பணம் கேட்கிற வழக்கமும் இல்லை. பல பிள்ளைகளுக்குப் பிறந்த தேதியே தெரியாது. அதனால் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளையே அவர்களுக்குப் பண்டிகையாகக் கொண்டாடினார்கள். நீ வந்தது எங்களுக்குச் சந்தோஷம் என்று ஒரு பிள்ளை வருஷந்தோறும் கேட்டால், அதன் உள்ளம் எப்படிக் குணமாகும்!

1913ல் பிள்ளைகள் நூற்றுக்கு மேலானார்கள். ஆண்பிள்ளைகளும் நாடகக் கம்பெனிகளுக்குக் கொடுக்கப்பட்டுக் கெட்டுப்போவதை அறிந்து, 1918ல் அவர்களையும் சேர்த்தார்கள். பிறகு ஆஸ்பத்திரியும் எழும்பிற்று.

1931 அக்டோபர் 24ல், களக்காட்டில் மருத்துவ ஊழியத்துக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப்போன இடத்தில், இருட்டிலே புதிதாகத் தோண்டியிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கைதான். அங்கிருந்தே புஸ்தகங்கள் எழுதினார்கள், பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். 55 வருஷம் ஒருதரமாவது தாய்நாட்டுக்குத் திரும்பாமல், 1951 ஜனவரி 18ல் தமது 83ஆம் வயதில் நித்திரையடைந்தார்கள். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் அங்கே பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்று வைத்து, தாங்கள் கூப்பிட்ட அந்தத் தாய்ப் பெயரை மாத்திரம் அதிலே எழுதினார்கள்.

அம்மையார் ஒருவரே எல்லாம் செய்துவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் வருஷக்கணக்காகப் போராடினார்கள். 1947ல் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது. அந்த டாக்டர் அம்மாளும் 1930ல் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கென்று அவ்வை இல்லத்தைத் தொடங்கினவர்கள்தான்.

நாம் என்ன செய்யலாம்?

நம்முடைய மலைக்கு 1845ல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் நோய்க்குத் தப்பிக் குளிர்ச்சி தேடி வந்து வீடு கட்டினார்கள். இன்றைக்கும் எத்தனையோ பேர் குளிர்ச்சி தேடி வருகிறார்கள். வேலை தேடி வந்து அந்தக் குளிரிலே திண்ணையில் படுக்கிற பிள்ளைகளும் நம் கண்ணுக்கு முன்னே இருக்கிறார்கள்.

இப்போது காலம் வேறே. 18 வயதுக்குட்பட்ட பிள்ளை ஆதரவில்லாமல் இருப்பதைக் கண்டால் நாமாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் வைத்துக்கொள்ளக் கூடாது. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் தெரியப்படுத்த வேண்டும். 1098க்குப் போன் பண்ணலாம், போலீசுக்கும் சொல்லலாம், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சொல்லலாம். இது பிள்ளையின் பாதுகாப்புக்காக. அன்றைக்கு நான் டீயோடு இதையும் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. 18 தாண்டின வாலிபருக்கு வேலைக்குச் சிபாரிசு, தங்க ஓர் இடம், ஆஸ்பத்திரிக்குத் துணை, இவை நம்மால் ஆகும்.

ஆனால் போன் பண்ணினதோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிடாதிருங்கள். பாயிலே கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவதற்குச் சட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம். லூக்கா 14ல் அந்த எஜமான் வீதிகளிலும் வேலிகளருகிலும் போய் அழைத்துவரச் சொன்னது விருந்து சாலைக்கு உள்ளே வரத்தான், வாசற்படியில் உட்கார அல்ல.

சீசன் முடிகிற ஒவ்வொரு வருஷமும் அந்தத் திண்ணைப் பக்கம் போய்ப் பார்க்கிறேன். தம்பி, நீ எங்கே இருந்தாலும் கர்த்தர் உனக்கு ஒரு வீட்டைக் கொடுத்திருப்பாராக. சபையாரே, அவன் மறுபடியும் வந்தால், கம்பளியோடு வந்தாலும் சரி, முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கர்த்தர் தாமே நம் இருதயத்தையும் கதவையும் திறப்பாராக. ஆமென்.